அருவிக்கு ஒரு நாள் டிரெக்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி அருவி டிரெக் பத்திதான். ஒரே விஷயத்த கேட்டவங்கள ஒண்ணா சேர்த்துட்டேன். உங்க பேரு வரலைன்னு கோச்சுக்காதீங்க, பதில் உள்ள எங்கயாவது இருக்கும்.

கேள்வி: அண்ணா, அருவிக்கு ஒரு பக்கம் 6 கிலோமீட்டர்தான், மேப்ல ஒன்றரை மணி நேரம்னு காட்டுது. 11 மணிக்கு சாவகாசமா நடக்க ஆரம்பிச்சா போதும்ல?

போதாது. அந்த ஒன்றரை மணி நேரம் ரோட்டுல கைய வீசிட்டு நடக்குறவங்களுக்கு. காட்டுப் பாதைல வேர் தடுக்கும், சேறு வழுக்கும், குறுக்க மரம் விழுந்து கெடக்கும், அத சுத்திப் போகவே பத்து நிமிஷம் ஆகும். 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னாரு, இன்னிக்கும் பல பேர் அதுலருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுபோக ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதுவும் நல்லா நடக்குற ஆளு, நிக்காம நடந்தா. ஈரக் காடுன்னா நான் அதுமேல இன்னொரு பாதிய சேர்த்துப்பேன்.

இப்ப உங்க கணக்க பின்னாடிலருந்து போடுவோம், எப்பவுமே பின்னாடிலருந்துதான் போடணும். பல அருவிகள் பள்ளத்துல இருக்கும், அதனால மத்த மலை டிரெக்குக்கு நேர்மாறா அங்க போறப்போ இறக்கம், களைச்சுப்போய் திரும்புறப்போ ஏத்தம். 300 மீட்டர் இறங்குறீங்கன்னு வைங்க. திரும்ப 6 கிலோமீட்டருக்கு 1 மணி 12 நிமிஷம், ஏத்தத்துக்கு அரை மணி, பாதிய சேர்த்தா ரெண்டரை மணி நேரத்துக்கு மேல போகுது, குரூப்புன்னா ஒருத்தர் ஷூ லேஸ் கட்ட இன்னொருத்தர் தண்ணி குடிக்கன்னு நின்னு நின்னு மூணு மணி நேரம் ஆயிடும். 6 மணிக்கு சூரியன் மறையுதுன்னா அடர்ந்த காட்டுக்குள்ள 5 மணிக்கே பாதை கண்ணுக்கு மங்கிடும், அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய வந்தாதான் நிம்மதி. அப்போ 4 மணிக்கு வெளிய, 1 மணிக்கு அருவிய விட்டு கெளம்பணும். போக ரெண்டேகால் மணி நேரம், அங்க ஒன்றரை மணி நேரமாவது இருக்கணும்ல? 9 மணிக்கு நடக்க ஆரம்பிச்சிருக்கணும்.

அந்த 1 மணிய கெளம்புறதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. 1 மணி ஆயிடுச்சுன்னா அருவிச் சத்தம் காதுல கேட்டாலும் சரி, திரும்பிடணும். அங்க போய் ஓட்டெடுப்பு நடத்தினா "இன்னும் பத்து நிமிஷம்தான்"ங்குற கட்சிதான் ஜெயிக்கும்.

கேள்வி: மழை பெய்ஞ்சாதான் அருவில தண்ணி இருக்கும், ஆனா மழைல போகாதீங்கன்னும் சொல்றீங்க. அப்ப எப்பதான் சார் போறது?

நியாயமான கடுப்பு. மழை நின்னு ரெண்டு மூணு நாள் கழிச்சு போங்க. ஓடையோட கோபம் தணிஞ்சிருக்கும், மண்ணுல ஊறின தண்ணி கசிஞ்சு வந்துட்டே இருக்கும், அருவியும் பாக்க நல்லாருக்கும்.

இதுல பல பேர் கோட்டை விடுற இடம் வேற. தலைக்கு மேல வானம் நீலமா இருக்கான்னு பாக்குறாங்க. அருவித் தண்ணி உங்க தலைக்கு மேலருந்து வரல, பல கிலோமீட்டர் தள்ளி மேல இருக்குற மலைலருந்து வருது, அங்க ஒரு மணி நேரம் கொட்டினா போதும், நீங்க வெயில்ல குளிச்சிட்டு இருக்குறப்பவே வெள்ளம் வந்து சேரும். அதனால நீங்க போற இடத்துக்கு மட்டும் இல்லாம, மேல நீர்ப்பிடிப்புக்கும் சேர்த்து வானிலை பாருங்க. ஓடைல எறங்குறதுக்கு முன்னாடி தண்ணி விளிம்புல இருக்குற ஒரு கல்ல அடையாளம் வெச்சுக்கோங்க. அந்தக் கல்லு முங்க ஆரம்பிச்சாலோ, தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கினாலோ, இலையும் குச்சியும் கொத்தா மெதந்து வந்தாலோ, சத்தம் கனமா மாறினாலோ, பேக்கக்கூட தேடாதீங்க, பக்கவாட்டுல மேட்டுக்கு ஏறுங்க. ஓடையோட போக்குலயே கீழ ஓடாதீங்க.

திரும்பி வர்ற வழில ஒரு ஓடைய கடக்கணும், காலைல கணுக்கால் அளவு இருந்தது இப்ப முழங்காலுக்கு மேல ஓடுதுன்னா கடக்காதீங்க. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா அது கால தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும். மழை நின்னா சின்ன ஓடைல சில மணி நேரத்துல தண்ணி வடிஞ்சிடும், மேடான இடமா பாத்து உக்காந்துட்டீங்கன்னா போதும். அதுக்குள்ள இருட்டிடுச்சுன்னா அங்கயே ராத்திரிய கழிக்கிறது அசௌகரியம்தான், ஆனா காலைல வீட்டுக்கு போவீங்க.

கேள்வி: எனக்கு நல்லா நீச்சல் தெரியும். அருவிக்கு கீழ இருக்குற குளத்துல குதிக்கலாமா?

குதிக்க வேணாம். நீச்சல் தெரிஞ்சவங்களுக்குதான் இத அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கு, தெரியாதவங்க பயந்துட்டு ஓரமா உக்காந்துடுவாங்க.

அருவி விழுற இடத்துல வெள்ளையா பொங்குது பாருங்க, அது பாதி காத்து. காத்து கலந்த தண்ணிக்கு அடர்த்தி கம்மி, உங்க உடம்ப மெதக்க வைக்கிற சக்தியும் கம்மி, கைய கால அடிச்சாலும் பிடிமானம் கெடைக்காது. அதுக்கு மேல, விழுற தண்ணி அடில போய் சுருண்டு மறுபடி அருவிப் பக்கமே இழுக்கும், அந்த சுழல்ல மாட்டினா பெரிய நீச்சல் வீரரே தெணறுவாரு. ரொம்ப குளிர்ந்த தண்ணில திடுதிப்னு குதிச்சா உடம்பு தன்னால மூச்ச இழுக்கும், அந்த நேரம் தல தண்ணிக்குள்ள இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. அடில பாறையோ வெள்ளத்துல வந்த மரமோ மாட்டியிருந்தா மேலருந்து தெரியாது. போன வருஷம் குதிச்ச அதே இடம்னு சொல்லாதீங்க, ஒவ்வொரு வெள்ளமும் அடித்தளத்த மாத்திட்டு போகும்.

குளிக்கலாம். வெள்ளை நுரை முடிஞ்சு தண்ணி கண்ணாடி மாதிரி நகர்ற எடத்துல, தரை தெரியிற ஆழத்துல, நடந்து எறங்கி குளிங்க. கீழ இன்னொரு அருவி இருக்கான்னு முதல்ல பாத்துக்கோங்க, அது விழ ஆரம்பிக்கிற விளிம்பு பக்கத்துல இருந்தா அங்க எறங்கவே கூடாது. நேரா அருவிக்கு அடில நிக்கிறதும் ஆபத்து, தண்ணியோட கல்லும் வரும்.

அருவியோட தலைக்கு ஏறி எட்டிப் பாக்குற வேலையும் வேணாம். அந்த விளிம்புப் பாறை காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் பாசி படிஞ்சிருக்கும், செல்ஃபிக்கு ஒரு அடி பின்னாடி வெச்சவங்க கதை எல்லா நாட்டு அருவிலயும் இருக்கு.

கேள்வி: அட்டைப் பூச்சி பயத்துலயே டிரெக்க தள்ளிப் போட்டுட்டு இருக்கேன் அக்கான்னு தங்கச்சி பொலம்புறா. உப்பு எடுத்துட்டு போனா போதுமா?

உப்பு வேணாம்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க. கடிச்சிட்டு இருக்குற அட்டை மேல உப்பு போட்டாலோ நெருப்பு காட்டினாலோ அது வயித்துல இருக்குறத உங்க புண்ணுக்குள்ளயே கக்கிட்டு விழலாம், அதுலருந்து கிருமி தொத்த வாய்ப்பு இருக்கு. ஒல்லியான முனைலதான் பெரும்பாலும் வாய் இருக்கும். அது தோலோட ஒட்டுற இடத்துக்கு பக்கத்துல விரல் நகத்த படுக்க வெச்சு ஒரு தள்ளு, புடி விட்டுடும், உடனே இன்னொரு முனையயும் தள்ளி சுண்டி விட்டுடணும், இல்லன்னா விரல்ல ஒட்டிக்கும்.

எடுத்த அப்புறம் ரத்தம் நிக்காம வழியுதேன்னு பதறாதீங்க. அதோட எச்சில்ல இருக்குற ஒரு பொருள் ரத்தத்த உறைய விடாது, அதான். சோப்பு போட்டு கழுவி அழுத்திப் புடிச்சு துணி கட்டுங்க, நின்னுடும். ரத்தத்த இளக்குற மாத்திரை சாப்பிடுறவங்க மட்டும் டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டு போங்க. அட்டை நுழையாத மாதிரி நெருக்கமா நெய்த லீச் சாக்ஸ் முழங்கால் வரைக்கும் போட்டுட்டு, பேன்ட்ட அதுக்குள்ள சொருகிட்டு, ஈர எலை மேல ரொம்ப நேரம் நிக்காம நடந்தா பாதி பிரச்சனை முடிஞ்சுது.

கேள்வி: ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, அப்படியே குடிக்கலாமா?

தெளிவா இருக்குறது சுத்தத்துக்கு அத்தாட்சி இல்ல. மேல ஏதாவது மிருகம் செத்துக் கெடந்தாலும் கீழ தெளிவாதான் வரும். கொதிச்சு நல்லா தளதளன்னு வந்து ஒரு நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல இருந்தா மூணு நிமிஷம், அதுதான் பாதுகாப்பு. கைல எடுத்துட்டு போற ஃபில்டர் பாக்டீரியாவையும் ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணியையும் புடிக்கும், சாதாரண ஃபில்டர்ல வைரஸ் தப்பிச்சிடும். ஒரு நாள் டிரெக்குதானே, ஆளுக்கு ரெண்டு மூணு லிட்டர் சுமந்துட்டு போயிடுங்களேன். போறப்போ பாதிக்கு மேல குடிச்சிடாதீங்க, ஏத்தம் திரும்புறப்போதான் இருக்கு.

கேள்வி: சிக்னல் இல்லாத காடு. வழி தவறிட்டா ஓடைய புடிச்சே கீழ எறங்கினா எங்கயாவது ஊர் வந்துடும்னு சொல்றாங்களே?

அருவி இருக்குற காட்டுல இத நம்பவே நம்பாதீங்க. ஓடைய புடிச்சு எறங்கினா அடுத்து வர்றது ஊரா இருக்காது, இன்னொரு செங்குத்துப் பாறையா இருக்கும். எறங்கின வழுக்குப் பாறைல திரும்ப ஏறவும் முடியாது. நடுவுல மாட்டிப்பீங்க.

வழி தவறின மாதிரி தோணின அந்த நிமிஷமே நில்லுங்க, உக்காந்து தண்ணி குடிங்க. கடைசியா பாதை நிச்சயமா தெரிஞ்ச இடம் ஞாபகம் இருந்தா அது வரைக்கும் மட்டும் வந்த வழியே திரும்புங்க. இல்லன்னா அங்கயே இருந்து விசில் ஊதுங்க, மூணு மூணா, நடுவுல இடைவெளி விட்டு. அருவி இரைச்சல்ல கத்துறது பத்தடி தாண்டாது, விசில் அதவிட நல்லா கேக்கும்.

சிக்னல் இல்லன்னாலும் போன்ல ஜிபிஎஸ் வேலை செய்யும், அது சாட்டிலைட்லருந்து வருது. மேப்ப மட்டும் வீட்டுலயே டவுன்லோட் பண்ணிடுங்க, ஏரோப்ளேன் மோட்ல போட்டு லொகேஷன் ஆன்ல இருந்தா சார்ஜ் ரொம்ப நேரம் நிக்கும், சிக்னல தேடித் தேடியே போன் செத்துப் போறதுதான் காட்டுல வழக்கம். எத்தன மணிக்குள்ள போன் வரலைன்னா யாருக்கு சொல்லணும்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு போங்க, வனத்துறை அனுமதி வேணுமான்னு விசாரிக்கிற அன்னிக்கே அவங்க நம்பரையும் வாங்கிடலாம்.

கேள்வி: ஷூ புதுசா வாங்கணுமா? ரன்னிங் ஷூ இருக்கு.

அடி தேயாம இருந்தா அதுவே போதும். புது ஷூவ டிரெக் அன்னிக்கு முதல் தடவையா போட்டா கொப்புளம் நிச்சயம். காட்டன் சாக்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது. முந்தின நாளே கால் நகத்த வெட்டிடுங்க, இறக்கத்துல விரல் முன்னாடி போய் இடிச்சிட்டே இருக்கும்.

கேள்வி: ஏழு வயசு பையன கூட்டிட்டு போலாமா?

மொத்தமா 4, 5 கிலோமீட்டர்னா தாராளமா. 12 கிலோமீட்டர்னா திரும்புற ஏத்தத்துல அவன யாராவது தூக்க வேண்டி வரும், அந்த யாரோ ஒருத்தர் யாருன்னு வீட்டுலயே பேசி முடிவு பண்ணிட்டு கெளம்புங்க.