குடிப்பழக்கம் இல்லை, ஆனாலும் கல்லீரலில் கொழுப்பு

கேள்வி: எனக்கு வயது 38, எடை 79 கிலோ, உயரம் ஐந்தரை அடி. ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து வேலை. மதுவைத் தொட்டதே இல்லை. வயிறு ஸ்கேன் எடுத்ததில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்று வந்திருக்கிறது. ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 240, எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரை) 5.9. கடையில் நாளைக்கு ஆறு டீ, சாயங்காலம் ஒரு குளிர்பானம். வீட்டில் ஒரு வருடமாக வெள்ளைச் சர்க்கரையே வாங்குவதில்லை, நாட்டுச் சர்க்கரைதான். பிறகு எப்படி இது வந்தது? டீயை விட்டுவிட வேண்டுமா?

மருத்துவர் பதில்: இந்த ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போய், மனைவியின் சந்தேகப் பார்வைக்கு ஆளானவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். மது குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேரும். இப்போது அப்படி வருபவர்கள்தான் அதிகம்.

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். கடை டீ ஒன்றில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலும் ஆறு டீக்கு 12 ஸ்பூன், அதாவது 50 கிராமுக்கு மேல். 300 மில்லி குளிர்பானத்தில் இன்னொரு 30 கிராம் இருக்கும். ஆக ஒரு நாளைக்கு 80 கிராம், மாதத்துக்கு இரண்டரை கிலோ வரை. வீட்டு டப்பாவில் என்ன சர்க்கரை இருக்கிறது என்பது இதில் வரவே இல்லை, பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு, 2000 கலோரி சாப்பிடுபவருக்கு, நாளைக்கு சுமார் 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது.

நாம் போடும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பில் எல்லாச் செல்களும் எடுத்துக்கொள்ளும். ஃபிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்குத்தான் போகிறது. தேவைக்கு மேல் வந்ததைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அதில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும், அதுதான் உங்கள் ஸ்கேனில் தெரிந்தது. மீதி ரத்தத்துக்கு வரும், அதுதான் உங்கள் ட்ரைகிளிசரைடு 240. கொழுப்பு சேர்ந்த கல்லீரல், ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது. அதனால் எச்பிஏ1சி மெல்ல ஏறுகிறது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். மூன்று ரிப்போர்ட், மூன்று வியாதி என்று பயப்படாதீர்கள். மூன்றும் ஒரே கதைதான்.

இனிப்பைக் கடித்துச் சாப்பிட்டால் ஒரு கட்டத்தில் திகட்டும். குடித்தால் திகட்டாது, வயிறு நிறைந்த உணர்வும் வராது. அதனால்தான் நான் தீபாவளி அதிரசத்தைவிட தினசரி டீக்கும் குளிர்பானத்துக்கும் அதிகம் கவலைப்படுகிறேன். ஜூஸ் கடை மாம்பழ ஜூஸும் கரும்புச்சாறும் இதே கணக்குதான். பழத்தை முழுசாகச் சாப்பிடுங்கள், அதில் தடை இல்லை.

நாட்டுச் சர்க்கரை விஷயத்தில் பலர் ஏமாந்துதான் போகிறார்கள். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். தேனிலும் அதே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறது, உண்மை. ஆனால் இரும்புக்காக வெல்லத்தை நம்பினால் உடன் வரும் சர்க்கரை நம்மை மூழ்கடித்துவிடும். அதற்குக் கீரையும் பயறும் போதும்.

சர்க்கரை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். உங்கள் உயரத்துக்கு எடை அதிகம், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, மூன்று வேளையும் அரிசி என்றால் அதுவும் சேரும். இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஐந்தாறு கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாகக் கரையும். கிரேடு 1 என்பது ஆரம்ப நிலை, அங்கிருந்து பழையபடி திரும்பிவிடலாம். இதற்கென்று கல்லீரல் டானிக் எதுவும் வாங்க வேண்டாம்.

டீயை விட வேண்டாம். சர்க்கரையை விடுங்கள். குளிர்பானத்தை இன்றே நிறுத்தலாம், அதில் படிப்படி எல்லாம் தேவையில்லை. டீயில் இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். மாஸ்டரிடம் ‘சர்க்கரை கம்மி’ என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு மாஸ்டருக்கும் கம்மி ஒவ்வொரு அளவு. ‘சர்க்கரை இல்லாமல்’ என்று சொல்லி, ஸ்பூனை நீங்களே கையில் எடுங்கள். ஆறை மூன்றாக்கினால் இன்னும் சுலபம். சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பு மாத்திரை போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எடை குறைக்க அதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள், ரத்தத் தட்டணு எண்ணிக்கை, கூடவே மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை ஆகியவற்றை ஒருமுறை செய்துகொண்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறதா என்று அதிலிருந்தே ஓரளவு கணித்துவிடலாம். எச்பிஏ1சியும் ட்ரைகிளிசரைடும் மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. ரத்தம் கொடுக்கும் நாளில் காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். சர்க்கரை இல்லாத டீயும் அன்றைக்குக் கூடாது.