ஒப்பந்த மென்பொருள் வாங்கப் போகிறீர்களா? முதலில் நோட்டீஸ் தேதியைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனத்தில் கொள்முதல் பிரிவைக் கவனிக்கிறேன். சப்ளையர், ஜாப் ஒர்க் (வெளிப் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கும் வேலை), ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), கிடங்கு வாடகை என்று சுமார் 150 ஒப்பந்தங்கள் இருக்கின்றன. பாதி அலமாரியில், பாதி மெயிலில். போன வருடம், நிறுத்த நினைத்திருந்த ஒரு ஏ.எம்.சி. யாரும் கவனிக்காமல் தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ஆறு பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு எந்த மென்பொருள் சரியாக இருக்கும்?

பதில்: உங்களுக்கு நஷ்டம் வந்தது ஒப்பந்தம் கையெழுத்தாகி ஃபைலுக்குள் போன பிறகு. ஆனால் டெமோவில் பெரும்பாலும் காட்டுவது கையெழுத்துக்கு முந்தைய வேலைகளை: டெம்ப்ளேட், ஏ.ஐ. எழுதித் தரும் வரைவு, திருத்தங்களை ஒப்பிடும் திரை. எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மாதத்துக்கு நாலைந்து புது ஒப்பந்தம் போடும் குழுவுக்கு அதனால் மிச்சமாகும் நேரம் குறைவு. தேதிகளை மென்பொருள் எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை வைத்தே முடிவெடுங்கள்.

ஏ.எம்.சி.யையே எடுத்துக்கொள்வோம். 2027 மார்ச் 31-ல் முடிகிறது. வேண்டாம் என்றால் 60 நாளுக்கு முன்பே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வருடம் தொடரும் என்று ஷரத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியும் தேதியை மட்டும் பார்க்கும் மென்பொருள் மார்ச் 1-ம் தேதி நினைவூட்டும். அதற்குள் காரியம் கெட்டுப்போயிருக்கும். உங்களுக்குக் கடைசி நாள் ஜனவரி 30, அதுவும் சனிக்கிழமை. நோட்டீஸ் அவர்கள் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று ஷரத்து சொன்னால் தபால் இன்னும் முன்னால் கிளம்ப வேண்டும். நடுவில் பொங்கல் விடுமுறை வேறு. ஆக, டிசம்பர் தொடக்கத்திலேயே முதல் நினைவூட்டல் வந்தாக வேண்டும்.

எனவே டெமோ காட்டுபவரிடம் கேளுங்கள்: முடியும் தேதியையும் நோட்டீஸ் காலத்தையும் தனித்தனியாகப் பதிந்தால், கடைசி நாளை அதுவே கணக்கிடுமா? பொறுப்பாளர் கண்டுகொள்ளாவிட்டால் மேலாளருக்குத் தகவல் போகுமா? ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரில் உள்ள ஒப்பந்தங்களை மொத்தமாக இன்னொருவருக்கு மாற்ற முடியுமா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். போனவரின் மெயில் பெட்டிக்கே நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தால் மென்பொருள் வாங்கியே பயனில்லை.

அவர்கள் வைத்திருக்கும் மாதிரி ஒப்பந்தங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே மோசமான ஐந்தை ஏற்றச் சொல்லுங்கள்: கோணலாக ஸ்கேன் ஆனது, ரப்பர் ஸ்டாம்ப் எழுத்தின் மேலேயே விழுந்தது, பேனாவால் விலையை அடித்துத் திருத்தியது, மூன்று அடெண்டம் (பின்னால் சேர்த்த திருத்த இணைப்பு) சேர்ந்தது, அப்புறம் தமிழில் எழுதிய கிடங்கு வாடகை ஒப்பந்தம். 'முன்பணம்' என்று தேடிப் பாருங்கள், வருகிறதா என்று. தமிழ் ஆவணங்கள் ஏழெட்டுதான் என்றால் விவரங்களைக் கையால் பதிந்துகொள்ளலாம். ஐம்பது, அறுபது இருந்தால், இந்தத் தேடலில் தோற்ற மென்பொருளை அங்கேயே விட்டுவிடுங்கள். அடெண்டம் உள்ள ஒப்பந்தத்தைத் திறந்ததும், இன்று அமலில் இருக்கும் விலை எது என்பது தெரிய வேண்டும். நாலு பி.டி.எஃப்.பை வரிசையாக அடுக்கிக் காட்டினால் அது வெறும் அலமாரிதான்.

நம் நாட்டுச் சட்டத்துக்காகச் சில விவரங்களைப் பதிய இடம் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும்; பத்திர எண், சார்பதிவாளர் அலுவலகம் இரண்டும் பதிவில் இருக்கட்டும். ஆதார் இ-சைன், டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) இரண்டையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது. ஆனால் மின்னணு முறையில் கையெழுத்துப் போட்டதால் முத்திரைத் தீர்வை கட்டவேண்டியது இல்லாமல் போகாது. தீர்வை கட்டாத ஆவணத்தை, அதையும் அபராதத்தையும் செலுத்தும்வரை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. காகித அசல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் குறித்துவையுங்கள்.

ஜாப் ஒர்க் செய்துதரும் சிறிய பட்டறைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்தால், ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கணக்கில் கூட்டு வட்டி. உத்யம் எண்ணைப் பதிந்து, அந்த ஒப்பந்தங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

சரி, பெயர்கள். ஐசர்டிஸ் போன்றவை பெரிய நிறுவனங்களுக்கானவை, உங்களுக்கு அதிகம். ஸோகோ கான்ட்ராக்ட்ஸ், ஸ்பாட்டிராஃப்ட் இரண்டையும் மேலே சொன்ன ஐந்து ஒப்பந்தங்களோடு சோதித்துப் பாருங்கள். கணக்குக்கு ஏற்கெனவே ஸோகோவைப் பயன்படுத்தினால் முதலில் அதைப் பார்ப்பது நியாயம். பார்க்க மட்டும் வரும் ஆடிட்டருக்கும் முதலாளிக்கும் தனி லைசென்ஸ் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும், அதற்கு முன் ஒரு எக்செல் ஷீட் தயார் செய்யுங்கள். எதிர்த்தரப்பு, முடியும் தேதி, நோட்டீஸ் நாள், பொறுப்பாளர், அசல் இருக்கும் இடம் என்று ஐந்தே பத்திகள். 150-ல் காலாவதியானவை எத்தனை, கையெழுத்தே ஆகாதவை எத்தனை என்பது அப்போது தெரிந்துவிடும். அமலில் இருப்பது நாற்பது, ஐம்பதுதான் என்று ஆனால், அந்த ஷீட்டும் எல்லோரும் பார்க்கிற ஒரு காலண்டருமே இப்போதைக்குப் போதும். பணத்தைச் செலவழிக்க வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் வாங்குங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் டிரையல் கணக்கிலிருந்து எல்லா பி.டி.எஃப்.களையும் பதிந்த விவரங்களையும் ஒரே தடவையில் வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியவில்லை என்றால், அடுத்ததைப் பாருங்கள்.