லைவ்வெல் பம்ப் நின்றுவிட்டால் பெரியதாக மாற்றலாமா?

பாஸ் மீன் பிடிக்கும் படகில், பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டிக்கு (லைவ்வெல்) நீர் ஏற்றும் 500 கேலன் பம்ப் ஓடவில்லை, 800 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் வாங்கும் முன் ஃபியூஸைப் பாருங்கள், பம்பின் வயரிலேயே 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பாசி சுற்றி இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல் இறக்கை) இறுகியிருப்பதும் உண்டு. பாதி நேரம் பம்ப் மேல் தப்பே இருக்காது.

800 கேலன் என்றால் மணிக்குச் சுமார் 3000 லிட்டர். அது நீரை மேலே ஏற்றாமல் அளந்த கணக்கு. ஹோஸின் நீளம், வளைவு, தொட்டியின் உயரம் எல்லாம் அதைக் குறைத்துவிடும். அப்புறம், வரும் நீர் முழுவதையும் ஓவர்ஃப்ளோ குழாய் வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி வழியும்.

பழையது கார்ட்ரிட்ஜ் வகையாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். அதே வரிசையில் வாங்கினால் மோட்டாரை மட்டும் திருகிக் கழற்றி மாற்றலாம், படகின் அடியில் உள்ள பொருத்தைத் தொட வேண்டாம். இதை டிரெய்லரில் வைத்தே செய்யுங்கள். தண்ணீரில் நிற்கும்போது, நீர் உள்ளே வரும் வால்வை மூடாமல் கழற்றினால் படகுக்குள் நீர் புகும். வயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள், அரித்துவிடும். வெள்ளீயம் பூசிய கனெக்டரும் சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் போடுங்கள். ஃபியூஸ் அளவு புதிய பம்பின் லேபிளில் உள்ளபடி.

ஓடியும் நீர் வரவில்லையா? காற்று அடைத்திருக்கும். படகை நீரில் இறக்கிக் கொஞ்சம் பின்னோக்கிச் செலுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.