எட்டுப் பேர் ஏறும் படகுக்கு எத்தனை குதிரை வலு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரும் கோடைக்கு 18 அடி நீளமான, முன்பகுதியிலும் இருக்கைகள் உள்ள பௌரைடர் படகு ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறோம். பெரும்பாலும் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில்தான் ஓட்டுவோம். படகின் கொள்ளளவுத் தகட்டில் எட்டுப் பேர், அதிகபட்சம் 150 குதிரை வலு என்று இருக்கிறது. விற்பவர் 90 குதிரை வலு எஞ்சினுடன் தருகிறார். ஓட்டியும் காட்டினார், நன்றாகவே ஓடியது. ஊரில் 15 குதிரை வலு எஞ்சினோடு கடலுக்கே போய் வந்தோம், 90 ஏன் போதாது என்று என் மாமா கேட்கிறார். கூடுதல் பணம் கொடுத்து 115 அல்லது 150 வாங்குவது அவசியமா?
– ஸ்காபரோ வாசகர் ஒருவர்

பதில்: ஓட்டிக் காட்டியபோது படகில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக நீங்களும் விற்பவரும் மட்டுமே இருந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இந்த வகை 18 அடிப் படகின் வெறும் உடல் ஏறத்தாழ 1000 கிலோ என்று கொள்வோம். 90 குதிரை வலு எஞ்சின் சுமார் 160 கிலோ. 100 லிட்டர் பெற்றோல் சுமார் 75 கிலோ. இரண்டு பேரும் சில்லறைப் பொருட்களும் சேர்ந்தால் மொத்தம் 1420 கிலோ அளவில் நிற்கும். அதாவது ஒரு குதிரை வலுவுக்கு 16 கிலோ. பொழுதுபோக்குப் படகுகளுக்கு ஒரு குதிரை வலுவுக்கு 11 முதல் 18 கிலோ வரை என்பது நெடுநாளாக வழங்கி வரும் கைக்கணக்கு. ஆகவே அன்றைக்குப் படகு நன்றாக ஓடியதில் வியப்பில்லை. இனி ஒரு சனிக்கிழமையை நினைத்துக் கொள்ளுங்கள். பெரியவர்கள் ஐவர், பிள்ளைகள் மூவர், குளிர்பெட்டி, சோற்றுச் சட்டி, நங்கூரம், உயிர்காப்பு அங்கிகள், பிள்ளைகளை ஏற்றி இழுக்கும் காற்றடைத்த ரியூப் எல்லாம் ஏறியபின் மொத்தம் 1840 கிலோவைத் தொட்டுவிடும். அப்போது 90 குதிரை வலுவில் ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. அதே பாரத்துக்கு 115 என்றால் 16 கிலோ. 150 என்றால், அந்த எஞ்சினின் கூடுதல் எடையையும் சேர்த்து, பன்னிரண்டரைக் கிலோ.

இந்த வேறுபாடு வேகமானியில் தெரிவதைவிடப் படகு எழும்புவதில்தான் அதிகம் தெரியும். இத்தகைய படகு மெதுவாகச் செல்லும்போது தண்ணீரைப் பிளந்து தள்ளிக்கொண்டு போகிறது. மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவைத் தாண்டியதும் தானே எழுப்பிய அலையின் மீது ஏற முயல்கிறது. அந்த மேட்டைக் கடந்து நீர்ப்பரப்பின் மேல் வழுக்கி ஓடத் தொடங்கிய பிறகே எஞ்சினின் சுமை குறைகிறது. வலு போதாத படகு அந்த மேட்டிலேயே நின்றுவிடும். முன்பகுதி வானத்தைப் பார்க்க, பின்பகுதி அமிழ்ந்து கிடக்க, ஓட்டுபவருக்கு எதிரே வருவது தெரியாமல், எஞ்சின் முழுவிசையில் அலறிக்கொண்டிருக்கும். அந்த நிலையில்தான் கடக்கும் தூரத்துக்கு ஏற்ப எரிபொருள் மிக மோசமாகச் செலவாகிறது. 115 குதிரை வலு எஞ்சின் முழுவிசையில் மணிக்கு 35 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் படகு எழும்பியபின் விசையைக் குறைத்து ஓட்ட அதற்கு இடமிருக்கிறது. பாரம் தாங்காத 90க்கு அந்த இடம் இல்லை.

என் முதற்படகில் இதை அனுபவித்தேன். இதே அளவுப் படகு, 75 குதிரை வலு. நானும் மனைவியும் போனபோது ஒரு குறையும் தெரியவில்லை. அண்ணன் குடும்பமும் சேர்ந்து வந்த நாளில், சிம்கோவின் நடுவில் பிற்பகற் காற்று எழுந்தது. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமுள்ள திறந்த ஏரி அது. காற்று பிடித்தால் அலை விரைவாகவே எழும். படகு எழும்ப மறுத்தது. காலையில் கால்மணி நேரத்தில் கடந்த தூரத்தை, பிள்ளைகள் நனைந்து நடுங்க, ஒன்றரை மணி நேரம் எடுத்துத் திரும்பினோம். வலு என்பது விரைந்து ஓடுவதற்கு மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். கரை திரும்புவதற்கும் அது வேண்டும் என்று அன்று விளங்கியது.

வேகத்தை மட்டும் கருதினால் வலுவைக் கூட்டுவதில் கிடைப்பது குறைவே. எழும்பி ஓடும் படகின் வேகம் ஏறக்குறைய வலுவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயரும். 90இலிருந்து 150க்குப் போனால் வலு மூன்றில் இரண்டு பங்கு கூடும், வேகம் கால்பங்குக்குச் சற்று அதிகமாக மட்டுமே கூடும். ஆகையால் வேகத்துக்காக 150 வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன்.

மாமா சொல்வதும் பொய்யல்ல. ஊரில் அவர் ஓட்டியது மெத்தையும் கண்ணாடியும் இல்லாத, பாரம் குறைந்த மீன்பிடி வள்ளம். அதில் இரண்டு மூன்று பேரும் வலையும்தான் ஏறின. 8, 15, 25 குதிரை வலு அதற்குப் போதும். அவரையும் உங்கள் படகில் ஏற்றி ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்வார்.

என் முடிவு இது: உங்கள் குடும்பத்துக்கு 115 குறைந்தபட்சம். மெர்க்குரி என்ற எஞ்சின் நிறுவனத்தில் 75, 90, 115 ஆகிய மூன்றும் ஒரே 2.1 லிட்டர் எஞ்சினின் வடிவங்களே, எடையும் ஒன்றே. எனவே 90இலிருந்து 115க்குப் போவதால் எஞ்சினைத் தாங்கும் பின்பலகையில் பாரம் கூடாது. ரியூப் இழுப்பதும் நீர்ச்சறுக்கும் வாரந்தோறும் நடக்கும் என்றால் 150 எடுங்கள். இரண்டு வருடம் கழித்து எஞ்சினை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இன்று கொடுக்கும் வித்தியாசம் சிறியது. தகட்டிலுள்ள 150ஐ மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டவேண்டாம். அந்த எண் பின்பலகையின் உறுதியையும் படகின் சமநிலையையும் கருதி இடப்பட்டது. தாண்டினால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். எட்டுப் பேர் என்பதோடு தகட்டிலுள்ள கிலோ எல்லையையும் பாருங்கள். இரண்டும் அமைதியான காலநிலைக்குச் சொல்லப்பட்டவை.

பணம் கொடுப்பதற்கு முன் முழுக் குடும்பத்தோடும் முழுத் தாங்கிப் பெற்றோலோடும் மீண்டும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முழுவிசையில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கவனியுங்கள். இந்த வகை எஞ்சின்களில் அது 5000க்கும் 6000க்கும் இடையில், மேற்பாதியில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் புரொப்பெல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம், அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்றுகள் கூடும். இருக்கின்ற வலுவை வீணாக்குவது பல படகுகளில் பொருந்தாத புரொப்பெல்லர்தான்.

கேள்வி: வயதான பெற்றோரோடு கவார்த்தா ஏரிகளில் மெதுவாகச் சுற்றிவர மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் உள்ள 20 அடிப் பொன்டூன் படகு வாங்குகிறோம். 40 குதிரை வலு போதுமா?
– மார்க்கம் வாசகி ஒருவர்

பதில்: ஒதுக்கமான சிறு ஏரியில் போதும். அந்த ஏரிகளை இணைக்கும் ட்ரென்ட்–செவர்ன் நீர்வழியின் வெட்டுக்கால்வாய்களில் வேக எல்லையே மணிக்கு 10 கிலோமீற்றர்தான். ஆனால் பொன்டூன் படகு காற்றுக்குப் பாய் விரித்தது போன்றது. கூரைத்துணியும் பக்கவேலியும் சேர்ந்து காற்றைப் பிடிக்கும். எதிர்க்காற்றில் துறையை அணைவதற்காகவே 60 குதிரை வலுவைச் சொல்வேன். அதிலும் பெரிய பற்சக்கரப் பெட்டியும் அகன்ற புரொப்பெல்லரும் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 115 குதிரை வலுப் படகை என் 14 வயது மகன் தனியே ஓட்டலாமா?
– ஏஜாக்ஸ் வாசகர் ஒருவர்

பதில்: ஓட்ட முடியாது. கனடாவில் 12 வயது முதல் 16 வயது நிறையும் வரை, 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவரின் நேரடி மேற்பார்வை இல்லாமல் 40 குதிரை வலுவுக்கு மேற்பட்ட பொழுதுபோக்குப் படகை ஓட்டச் சட்டம் இடமளிப்பதில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் ஓட்டலாம். மகன் தனியே ஓட்டிப் பழக வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், குடும்பப் படகின் வலுவைக் குறைக்காமல், 10 குதிரை வலுவில் சிறிய அலுமினியப் படகு ஒன்றைத் தனியாகப் பாருங்கள். அதை ஓட்டவும் படகோட்டுநர் அட்டை வேண்டும். அதற்கான பரீட்சையை இந்தக் குளிர்காலத்திலேயே எழுதி முடிக்கச் சொல்லுங்கள்.