அலுமாரிக்குள் வைக்கும் கத்தி அல்ல அது

தம்பி, வேலை செய்யும் உணவகத்தில் உங்களுக்குப் பல அலகுகள் உள்ள சிவப்பு மடக்குக்கத்தி ஒன்றைப் பரிசாகத் தந்தார்கள் என்றும், அதனால் என்ன பயன், பையில் கொண்டு திரிந்தால் பொலிஸ் பிடிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் சூரிச்சுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. அதில் பெரும்பகுதி அந்தக் கத்தி என் காற்சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது.

பொலிஸ் பயம் வேண்டாம். சுவிஸ் இராணுவக் கத்தி போன்ற பைக்கத்திகள் ஆயுதமாகக் கருதப்படமாட்டாது என்று இந்நாட்டு ஆயுதச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. இங்குள்ளவர்கள் அதைச் 'சாக்மெசர்' என்பார்கள். நம் ஊர் வில்லுக்கத்திதான், ஆனால் வெட்டுவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே.

கத்தியின் முதுகுப் பக்கத்தில் வளைந்த கொக்கி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாதிரியிலும் இராது; இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இங்கே பழைய பத்திரிகைகளை அப்படியே குப்பையில் போட முடியாது. அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாக நூலால் கட்டி, சேகரிக்கும் நாளில் வீதியோரம் வைக்க வேண்டும். கட்டைத் தூக்கும்போது நூல் விரலை அறுத்துவிடும். நாலாம் மாடியிலிருந்து இரண்டு கட்டுகளோடு இறங்கி, உள்ளங்கை சிவந்து நின்ற என்னைப் பார்த்த பக்கத்து வீட்டு முதியவர் தம் கத்தியை எடுத்துக் கொக்கியை நூலில் மாட்டிக் காட்டினார். பாரம் கொக்கியில் தொங்க, கத்தியின் உடலே கைப்பிடியாகிவிட்டது. அந்தக் கொக்கி பொதி தூக்குவதற்காகவே வைக்கப்பட்டது என்பது அன்றுதான் தெரிந்தது. மறுவாரமே நானும் ஒன்று வாங்கினேன்.

போத்தல் தக்கை பிடுங்கும் சுருள் மதுப் பழக்கம் இல்லாதவனுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். பனியில் நனைந்து இறுகிய சப்பாத்து நாடா முடிச்சுக்குள் அதன் நுனியைச் செலுத்தி மெல்ல அசைத்தால் முடிச்சு தளரும். அந்தச் சுருளுக்குள் திருகி வைக்கும் சின்னத் திருப்புளியும் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடியின் ஆணி ஒருநாள் ரயிலில் கழன்றபோது என் மனைவிக்கு அதுதான் உதவியது.

சுவிஸின் இபாக் ஊரில் கத்தி செய்த கார்ல் எல்செனர் 1891இல் படையினருக்குக் கொடுத்த முதல் கத்தியில் இந்தச் சுருள் இல்லை. வெட்டும் அலகும் துளையூசியும், உணவுப் பேணி திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும் வேண்டியவையும் மட்டுமே இருந்தன. சுருள் 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியோடு வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பேணிவெட்டி இன்றும் தேங்காய்ப்பால் பேணிதான் திறக்கிறது.

முதுகில் உள்ள துளையூசி இடுப்புப் பட்டியில் புதுத் துளை போட நல்லது. வந்த முதல் குளிர்காலத்தில் நான் மெலிந்துபோனபோது இரண்டு துளைகள் போட்டேன். ஆனால் கவனம்: இந்தக் கத்திகளில் பெரும்பாலானவற்றின் அலகுகள் பூட்டிக்கொள்வதில்லை. அழுத்திக் குத்தினால் மடங்கி விரலில் விழும். பட்டியைப் பலகையில் வைத்து மெதுவாகத் திருகுங்கள். சிறு இடுக்கி மீன்முள்ளுக்கும் மரச்சிராய்க்கும்; கத்தரிக்கோல் மிளகாய்த்தூள் பைக்கு.

கோடையில் காட்டுக்குச் சென்று தீ மூட்டினால், செர்வெலா என்னும் தொத்திறைச்சியின் இரு முனைகளையும் சிலுவை போல் கீறி வாட்டுவார்கள்; சூட்டில் அவை இதழாக விரியும். நான் அதைச் சாப்பிடுவதில்லை. ஆனால் மகனின் வகுப்போடு போனபோது அத்தனை பிள்ளைகளுக்கும் கீறிக் கொடுத்தவன் நான். என் அரைகுறை ஜெர்மன் அன்று ஒரு தடையாகவே இருக்கவில்லை.

எலுமிச்சையோ மாங்காயோ வெட்டினால் வெந்நீருக்குள் பலமுறை திறந்து மூடி, துடைத்து, மூட்டில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். விமானத்தில் ஏறும்போது கைப்பையில் வேண்டாம். பெரிய பெட்டிக்குள் போடுங்கள். லண்டன் உறவினரிடம் போகிறீர்களென்றால், அலகு பூட்டிக்கொள்ளும் பெரிய வகையை இங்கேயே விட்டுச் செல்லுங்கள். தகுந்த காரணமின்றி அதை வெளியே கொண்டு திரிவது அங்கே குற்றம்.

இன்னொன்று. கத்தியைப் பரிசளித்தால் உறவு அறுந்துவிடும் என்று இங்குள்ள முதியவர்களும் நம்புவார்கள். பெற்றவர் ஒரு சிறு நாணயம் கொடுத்தால் அது விலைக்கு வாங்கியதாகிவிடும். அடுத்த முறை வேலைக்குப் போகும்போது ஐந்து ராப்பன் சில்லறை நாணயம் ஒன்றை எடுத்துச் சென்று, கத்தி தந்தவரின் கையில் கொடுங்கள்.