துயரங்களை வகுப்பில் சொல்வது எப்படி? ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை): ஐயா, கும்பகோணம் பள்ளித் தீ விபத்தைப் பற்றிப் பேசினாலே பிள்ளைகள் முகம் வெளிறிவிடுகிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், அம்மா. நீங்கள் சொல்லாவிட்டால் கைப்பேசி சொல்லும், அதுவும் சோக இசை போட்டு. 94 பிள்ளைகள் இறந்தார்கள் என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டால்தான் பயம் தங்கிவிடுகிறது.

கரும்பலகையில் கட்டடத்தின் படத்தை வரையுங்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். மேல்தளத்துக்குக் கீற்றுக் கூரை. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. சத்துணவு சமைக்கும் இடத்திலிருந்து தீ கூரைக்குத் தாவியது. நாள் 2004 ஜூலை 16. இவ்வளவையும் வரைந்துவிட்டு, "எங்கெங்கே தவறு?" என்று மட்டும் கேளுங்கள். கடைசி வரிசைப் பையன்கூடக் கை தூக்குவான். அடுத்த கேள்வியும் அவர்களிடமிருந்தே வரும்: "இதற்கு யார் அனுமதி கொடுத்தது?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் அது வரலாற்று வகுப்பு.

பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பள்ளிகளின் தீப் பாதுகாப்பு குறித்து 2009-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2014-இல், பத்து ஆண்டுகள் கழித்து! இந்தத் தாமதத்தையும் மறைக்க வேண்டாம். முடிந்ததும் பிள்ளைகளை எழுப்பி உங்கள் பள்ளித் தீயணைப்பானில் ஒட்டியிருக்கும் தேதியைப் படித்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தலைமையாசிரியர் சங்கடப்படுவார். படட்டும்.

கேள்வி: படங்கள், காணொளிகள் காட்டலாமா?

பதில்: சடலங்கள் உள்ள படம் எதுவும் வேண்டாம். வரைபடமும் அன்றைய நாளிதழின் முதல் பக்கமும் போதும், அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட படம் இல்லாவிட்டால்.

கேள்வி (நாகப்பட்டினம் மாவட்ட ஆசிரியர்): என் வகுப்பில் பாதிப் பேர் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சுனாமியில் பாட்டியையோ, அத்தையையோ, தான் பார்த்தே இராத அண்ணனையோ இழந்த வீடுகள். அவர்களிடம் இதை எப்படி எடுப்பது?

பதில்: முதல் வாரமே பெற்றோருக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள், தம்பி. எந்தப் பிள்ளையையும் எழுப்பி "உங்கள் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். வெளியே போய் உட்கார விரும்பினால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள்.

பாடத்தை நேரக்கணக்கிலிருந்து தொடங்குவேன் நான். 2004 டிசம்பர் 26 ஞாயிறு, நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம். நம் கரையை அலை தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் வேளாங்கண்ணியில் இருந்தவர்களுக்கு ஏன் ஒரு வார்த்தை வந்து சேரவில்லை? பசிபிக் கடலுக்குப் பல பத்தாண்டுகளாக எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்தான். "கடல் தாய் கோபித்துக்கொண்டாள்" என்று பாட்டிகள் சொல்லலாம், ஆசிரியர் சொல்லக் கூடாது.

சிமெலுவே தீவையும் சொல்லுங்கள். சுமத்ராவுக்கு மேற்கே, நிலநடுக்கத்துக்கு மிக அருகில் இருந்த தீவு. 1907-இல் வந்த அலையைப் பற்றிப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதுதான் கதை. 2004-இல் ஓடினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்றே மேல். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்று, நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. அலை சாதி பார்க்கவில்லை, சோற்று வரிசை பார்த்தது. இதைத் தவிர்த்துவிட்டுச் சுனாமிப் பாடம் நடத்துவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி (பயிற்சி ஆசிரியர்): போபால் விஷவாயுவில் இறந்தோர் எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. எதைச் சொல்வது?

பதில்: எல்லாவற்றையும் சொல்லுங்கள், யார் சொன்னது என்பதோடு. முதலில் அரசு சொன்னது 2,259. பின்னர் மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்தது 3,787. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்வது அதைப் போலப் பல மடங்கு. அன்றிரவே இறந்தவர்களை மட்டும் எண்ணுவதா, நுரையீரல் கெட்டு ஆண்டுகள் கழித்து இறந்தவர்களையும் சேர்ப்பதா என்பதில் கணக்கு மாறுகிறது. எண்ணிக்கை குறைந்தால் இழப்பீடும் குறையும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்ளும். தேர்வில் பாடநூல் எண்ணை எழுதட்டும். கூடவே, வாயு கசிந்த ஆலையில் கிடந்த நச்சுக் கழிவு 2025 ஜனவரியில்தான் அழிப்பதற்காக அதே மாநிலத்தின் பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். 1984-க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

கேள்வி (தலைமையாசிரியர்): "வகுப்பில் அரசியல் பேசுகிறார்கள்" என்று புகார் வந்தால்?

பதில்: விசாரணை ஆணைய அறிக்கையும் தீர்ப்பும் மேசைமேல் இருக்கட்டும். அவற்றில் உள்ளதைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. கட்சிப் பெயர் சொல்லித் திட்டுவதை மட்டும் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (ஒரு தாய்): மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், "என் பள்ளியிலும் தீப்பிடிக்குமா?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

பதில்: "பிடிக்கவே பிடிக்காது" என்று சொல்லாதீர்கள். பிடித்தால் எந்த வழியாக வெளியே வர வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். தெரியவில்லை என்றால் நாளைக்கே வகுப்பாசிரியரிடம் போய், "மாற்று வாசல் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று இருவரும் சேர்ந்து கேட்டு வாருங்கள்.