மரபணு கெடவில்லை, ஆனால் வேலை செய்யவில்லை: குரல்வளைப் புற்றுநோய் பரவுவது எப்படி?

கேள்வி: அப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய், கழுத்தில் நெறிக்கட்டியும் இருக்கிறது. மரபணு கெடாமலே அடங்கிப்போவதால் நோய் பரவும் என்று படித்தேன். அதை எழுப்ப மருந்து உண்டா, டாக்டர்? எங்களுக்கும் வருமா?
- வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். தொண்டையின் உள்தோல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது இ-கேடரின் என்ற புரதம். அதைத் தயாரிக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஏறிவிட்டால், மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறாது; ஆனாலும் செல்லால் அதைப் படிக்க முடியாது. ஸ்னெய்ல் என்ற இன்னொரு புரதமும் அங்கே வந்து அமரும். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களிலிருந்து அசிட்டைல் என்ற வேதிக்குழுவைக் கழற்றும் நொதிகளைக் கூட்டிவந்து, டி.என்.ஏ.வை இறுகச் சுற்றவைக்கும். இப்படி இ-கேடரின் இல்லாமல் ஒட்டு விட்ட செல் உருவம் நீண்டு, நகரத் தொடங்கி, நிணநீர்க் குழாய் வழியே கழுத்துக்குப் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் குறி அழிந்து இ-கேடரின் மறுபடி தோன்றுவதும் உண்டு.

கட்டி இருக்கும் இடமும் முக்கியம். குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதற்கு மேற்பகுதியில் ஏராளம். மேற்பகுதிக் கட்டிகள் சீக்கிரமே கழுத்துக்கு வருவது அதனால்தான்.

மெத்தில் குறியைக் குறைக்கும் அசாசிட்டிடின் என்ற மருந்து, அமெரிக்காவில் 2004-லேயே ஒருவகை எலும்பு மஜ்ஜை நோய்க்கு அனுமதி பெற்றது. தொண்டைக்கு அது வழக்கமான சிகிச்சை அல்ல. வேண்டிய மரபணுவை மட்டும் அது எழுப்பாது, அடங்கியிருக்க வேண்டியவையும் விழித்துக்கொள்ளும். நிறுத்தினால் குறி திரும்ப ஏறும். ரத்த அணுக்களும் குறையும்.

மெத்தில் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அப்பாவின் சிகிச்சை அதனால் மாறப்போவதில்லை. அதில் பிழையும் எளிது: டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினில் மெத்தில் ஏறாதவற்றை, பைசல்பைட் என்ற வேதிப்பொருள் கொண்டு யுராசில் என்ற வேறு எழுத்தாக மாற்ற வேண்டும், அந்த மாற்றம் அரைகுறையானால், இல்லாத மெத்திலும் இருப்பதாகத் தெரியும்.

அப்பாவின் தொண்டைச் செல்லில் ஏறிய குறி பிள்ளைகளுக்கு வராது. வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் அவரை நிறுத்தச் சொல்லுங்கள். யாருக்காவது குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தால், பயாப்ஸி அறிக்கையில் மூன்றைப் பாருங்கள்: எத்தனை நெறிகளில் நோய், பெரியது எத்தனை செ.மீ., நெறியின் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா. உறை தாண்டியிருந்தால், உடல்நிலை இடம்கொடுக்கும்பட்சத்தில், கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள்.